செக்ரோல்ல பேரில்லாத பட்டாளம்

வாடா பேராண்டி. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துல நின்னு போன்ல படம் புடிச்சது போதும், இஸ்தோப்புல உக்காரு. சண்டைப்படம் எடுக்கப் போறியாமே? பட்டாளத்தானோட உண்மைக் கதையா வேணுமாம். ஒரு புத்தி சொல்றேன். பரிசு வேணும்னா உண்மை இருக்குற தெசையில தலை வெச்சுப் படுக்காத.

குவாய் நதிப் பாலம்னு 1957-ல ஒரு படம். ஏழு ஆஸ்கர். சயாம் காடுன்னு காட்டுறது நம்ம கித்துல்கல, ஓடுறது களனி கங்கை. அதுல கர்னல் நிக்கல்சன்னு ஒருத்தன். ஜப்பான்காரன்கிட்ட கைதியா இருந்துக்கிட்டே அவனுக்கு ஒசத்தியாப் பாலம் கட்டிக் குடுத்து, கடைசியில அந்தப் பாலத்து மேலயே பைத்தியமாயிடுறான். நெசத்துல அந்த எடத்துல இருந்தவர் பிலிப் டூஸிங்கிற லெப்டினன்ட் கர்னல். அவரோட ஆளுங்க கறையானப் பொறுக்கியாந்து பாலத்து மரத்துல விட்டாங்க, கான்கிரீட்டுக் கலவையக் கெடுத்தாங்க. நம்ம காம்பராக் கூரைய அரிக்குதே, அந்த மாதிரிக் கறையான்தான்! ஆனா கறையான் வசனம் பேசுமா? அதனால நல்ல மனுசனக் கிறுக்கனாக்கிட்டாங்க. கூட இருந்து பொழைச்சு வந்தவங்க கொதிச்சுப் போனாங்க.

சரி, அது தொரைமார் பாடு. நம்மாளு எங்கன்னு தேடிப் பாத்தியா?

அந்தப் பாலம் இருந்த ரயில்பாதை, ஜப்பான்காரன் சயாம்ல இருந்து பர்மாவுக்குப் போட்டது, 415 கிலோமீட்டர். 1942-43-ல போட்டது. நேசப்படைக் கைதிங்க 60,000 பேருக்கு மேல, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆசியக் கூலிங்களோ அவங்கள விடப் பல மடங்கு. செத்தது 90,000 வரைக்கும்னு சொல்றாங்க. அதுல மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழாளுங்க ஆயிரமாயிரம். மொதல்ல ஜப்பான்காரன் சம்பளம்னு ஆசை காட்டுனான். ஆளு பத்தல. அப்புறம் ஓசியில சினிமான்னான். கொட்டகை ரொம்புனதும் கதவச் சாத்தி, ஆம்பளைங்கள அப்படியே ரயிலேத்துனான். சினிமா பாக்கப் போயி செத்தவன், சினிமாவுல இல்ல பாத்துக்க. கைதிங்களுக்குக் காஞ்சனபுரியில கல்லுல பேரு வெட்டிக் கல்லறை இருக்கு. காலராவுல குவிஞ்ச நம்மாளுக்கு? இங்க செக்ரோல்ல, அதான் வேலையாளுங்க பேரேட்டுல, அரைப்பேரு விட்டாலே கணக்கப்பிள்ளையோட மல்லுக்கு நிப்பமேடா!

அந்தப் படத்துக்கு மூலமான நாவல எழுதுன பியர் பூல் யாரு? மலாயா ரப்பர் தோட்டத்துலயே வேலை பாத்த பிரெஞ்சுக்காரன். பால் வெட்டுறவன் மொகம் தெரியாமலா இருந்திருக்கும்?

இன்னொரு கூத்தும் கேளு. திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்குனதும் அந்த பூல்தான். அந்தாளுக்கு இங்கிலீசுல எழுதவே வராது. எழுதுன கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் ரெண்டு பேரையும் கம்யூனிஸ்டுன்னு ஹாலிவுட்டு ஒதுக்கி வெச்சிருந்துச்சு. 1984-லதான் அவங்க பேர ஏத்துனாங்க. அதுக்குள்ள ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. ஆக, அங்கயும் செக்ரோல்ல கோளாறுதான்.

நீ ஒழுங்கா ஒரு கர்னலப் புடிச்சுக் கதை பண்ணு. எனக்கும் ஒரு வேஷம் குடு. என்னா, மண் சுமக்குற வேஷமா? போடா! அதத்தான் அறுபது வருசமா இந்த மலையில ஒத்திகை பாத்துட்டேன். ஒரு பய கேமராவத் திருப்பல.