தேற்றரவியல்

கேள், மாணாக்க. அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அவர் நாளில் திருவனந்தபுரத்தில் மருத்துவமனை இல்லை. அரசுப் பணித் தேர்வும் இல்லை. ஆதலின் அந்நான்கும் இன்று போதா. அஞ்சிய கிறித்தவர் ஆறுதல் எய்தும் வகைகளை, இந்நகரின் நெய்தற்கரை தொடங்கி உள்நகர் வரை வகுத்துரைப்பது இவ்வியல்.

அஞ்சுபவர் அஞ்சுநர். அவர் பற்றும் பொருள் பற்றுகோள். பற்றியபின் நெஞ்சில் நிகழ்வது தேற்றரவு. இம்மூன்றையும் மயக்குவோர் இங்கேயே நின்றுவிடுதல் நன்று.

1. கடலச்சம். அச்சங்களுள் மூத்தது. இறங்கச்சம், நடுக்கடலச்சம், கரையச்சம் என மூன்றாகும்.

1.1. இறங்கச்சம். பூந்துறை, வலியதுறை, விழிஞம் ஆகிய கரைகளில் விடியுமுன் காணலாம். படகைத் தள்ளுமுன் விரல்நுனியால் கடல்நீர் தொட்டு நெற்றியில் சிலுவை இட்டுக்கொள்வது நீர்க்குறி. அலை காலை நனைக்குமுன் இட்டால் முன்னீர்க்குறி. நனைத்தபின் இட்டால் பின்னீர்க்குறி. பயனில் வேறுபாடு கண்டிலேம். அணியத்தில் தூயர் ஒருவரின் பெயரை எழுதிவைப்பது பெயர்த்தேற்றரவு. எழுத்தின் அளவுக்கும் அச்சத்தின் அளவுக்கும் தொடர்பு உண்டா என்பது பின்வருவோர் ஆராயத் தக்கது.

1.2. நடுக்கடலச்சம். இதற்கு மேற்கோள், புயலில் படகு தத்தளிக்க இயேசு உறங்கிய நிகழ்ச்சி. நற்செய்தியாளர் மூவர் இதைச் சொல்கின்றனர்; தலையணை இருந்ததைக் குறித்தவர் மாற்கு ஒருவரே. நுணுகி எழுதுவோரை நாம் போற்றுதல் வேண்டும். அவரை எழுப்பிய சீடர் கூற்று, மத்தேயுவில் காப்பாற்றக் கேட்கும் இரப்பு மன்றாட்டாக நிற்கிறது. மாற்கில், எங்கள்மேல் உமக்கு அக்கறையே இல்லையா எனும் பொருள்பட முறைப்பாட்டு மன்றாட்டாக நிற்கிறது. கடற்கரையில் வழங்குவது பெரும்பான்மையும் இரண்டாவதே. மீனவர் தம் ஆண்டவரோடு உரத்த குரலில் பேசுவர், சிலபோது பிணங்குவர். இதனை நம்பிக்கைக் குறைவெனக் கொள்வார் உளர். அது பொருந்தாது: எழுந்துவிடுவார் எனும் துணிவு இல்லாதவர், உறங்குபவரைத் தட்டமாட்டார். ஆதலின் முறைப்பாட்டை இரப்பினும் ஒருபடி மேலாக வைத்தேம்.

1.3. கரையச்சம். பெண்டிர்க்கும் முதியோர்க்கும் உரியது. இதன் பற்றுகோள் மன்றாட்டு மணிமாலை. சிறுமணி 53, பெருமணி 6, ஆக மணி 59. ஒருமுறை உருட்டி முடிப்பது ஒற்றைச்சுழல். முடித்த இடத்திலேயே மீளத் தொடங்குவது தொடர்ச்சுழல். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, எச்சரிக்கை எட்டுமுன்னரே பலர் கடலேறியிருந்தனர். பூந்துறையிலும் விழிஞத்திலும் அந்நாள்களில் நிகழ்ந்தது தொடர்ச்சுழல். படகு வந்தால் அது நிற்கும். பல படகுகள் வரவில்லை. இதற்கு உட்பிரிவு வகுத்திலேம்.

2. மனையச்சம். மருத்துவமனையிற் பிறப்பது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் நடுவம் இதன் முதன்மையான விளைநிலம். குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வருவோர் ஆங்கு மிகுதி. கிடப்போர் அச்சம், இருப்போர் அச்சம் என இருவகைப்படும். கட்டிலிற் கிடப்பவரினும் வெளியே நெகிழி நாற்காலியில் இருப்பவர்க்கே அச்சம் பெரிது. கிடப்பவர்க்குச் சிலபோது உறக்கமாவது வரும். கிடப்போர் 23ஆம் திருப்பாடலையும் இருப்போர் 91ஆம் திருப்பாடலையும் நாடுவது இயல்பு. தலையில் கைவைத்து மன்றாடுவது தொடுதேற்றரவு. தொடாது வாயால் மட்டும் சொல்வது சொற்றேற்றரவு. பின்னதற்கு எடுத்துக்காட்டு: "பயப்படாண்டாம் அக்கா, நான் ஜெபிக்கேன்." (வடசொல் விரவியதெனினும், குமரி வழக்கு நோக்கி ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதைத் திருத்த முனைந்தபோது தேற்றரவு குறைந்தது.) சொன்னவர் அறிமுகமில்லாதவராயின் இது அயற்றேற்றரவு எனப்படும், அதன் வலிமை வியக்கத்தக்கது.

3. தேர்வச்சம். இளையோர்க்குரியது, குறுகிய வாழ்வினது. முடிவு வெளியானதும் மறையும். பற்றுகோளும் உடன் மறப்புறும். மேலும் கூறுதல் மிகை.

4. இடமிழப்பச்சம். வழிபடும் கோயிலே கைவிட்டுப் போகுமோ என்பது. இது அரிதாகலின் ஓர் எடுத்துக்காட்டே உளது. தும்பா மீனவர், ஏவூர்தித் தளம் அமைதற்பொருட்டு மகதலேன் மரியா கோயிலை விட்டுக்கொடுத்தனர். அவர்களிடம் அதைக் கேட்டவர் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா. 1963 நவம்பர் 21 அன்று அக்கரையிலிருந்து முதல் ஏவூர்தி எழுந்தது. கோயில் அலுவலகமாயிற்று, பின்னர் விண்வெளி அருங்காட்சியகமாயிற்று. பற்றுகோளைக் கொடுத்துவிட்டுத் தேற்றரவை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டமையால், இது கொடைத்தேற்றரவு எனத் தனிப்பெயர் பெறும். ஏவூர்தி ஏவுநர்தம் அச்சம் இவ்வகையுள் அடங்காது. அதற்கு வேறு நூல் வேண்டும்.

பயிற்சி. வெள்ளிக்கிழமை வெட்டுக்காட்டுக் கோயிலுக்குச் செல்க. எல்லா நெறியாரும் ஆங்கு வருவர். கிறித்தவரை மட்டும் பிரித்தெடுக்க முயலற்க, இயலாது. மெழுகுதிரி ஏற்றுவோரைத் தொலைவில் நின்று நோக்கி, வகைக்கொருவராக எழுதி வருக. எதற்கு அஞ்சுகிறீர் என எவரையும் கேளற்க. இரு வகைக்கு உரியவரை இருமுறை எண்ணற்க. இடையில் நீயும் ஒரு திரி ஏற்ற நேர்ந்தால், உன் பெயரையும் பட்டியலிற் சேர்த்து, வகையையும் உட்பிரிவையும் தெளிவாகக் குறிப்பிடுக.