அத்தானுக்கு மட்டும் படித்துக் காட்டவும்

லூயிவில், கென்டக்கி
ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் முழங்கால், அம்மாவின் சர்க்கரை, மாடி போர்ஷன்காரரின் வாடகை பாக்கி, இந்த மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுது.

உன் தம்பி பெண்டாட்டி குடும்பக் குரூப்பில் போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, டம்ளருக்குள் ஆரஞ்சுத் தோல் ஏன் கிடக்கிறது என்று கேட்டிருந்தாய். அம்மா, "பித்தத்துக்கு நல்லதுதான், குடிக்கட்டும்" என்றாளாம். அந்த நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம். அத்தான் ஒரு வார்த்தையும் பேசாமல் போட்டோவைத் தன் போனில் சேமித்துக்கொண்டார் என்றாயே, அவருக்காகத்தான் இந்தக் கடிதம். குரூப்பில் பதில் போட்டால் அப்பா எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார். அதனால்தான் தபால்.

போட்டோவில் இருப்பது ஓல்ட் ஃபேஷன்ட். விஸ்கி, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு, அவ்வளவுதான் சரக்கு. 1806-லேயே நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்கிற ஊரின் பத்திரிகை ஒன்று, காக்டெயில் என்றால் மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் கலந்தது என்று அச்சடித்துவிட்டது. பின்னால் வந்த பார்க்காரர்கள் அதில் கண்ட சாராயத்தையும் ஊற்றிச் சோதித்துப் பார்க்கவே, பெரியவர்கள் "எனக்கு அந்தப் பழைய மாதிரியே கொடப்பா" என்று கேட்க ஆரம்பித்து, அதுவே பெயராக நின்றுவிட்டது. இது எங்கள் பெண்டென்னிஸ் கிளப்பில் பிறந்தது என்று இந்த ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். கிளப் தொடங்கியது 1881-இல். அதற்கு முந்தின வருஷமே சிகாகோ பத்திரிகையில் இந்தப் பெயர் வந்தாயிற்று. நான் இதை இங்கே வாய் திறந்து சொல்வதில்லை. வாடகை வீட்டில் இருப்பவன். அதுவும் 2015-இல் இந்த நகரம் இதைத் தன் அதிகாரபூர்வ பானமாக அறிவித்திருக்கிறது. நம் ஊரில் அரசாங்கமே கடை நடத்துகிறது, இருந்தும் எந்தச் சரக்குக்கும் பட்டம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

விஸ்கி என்றால் இங்கே போர்பன்தான். தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். நிறமோ வாசனையோ சேர்க்கக்கூடாது. ஒருமுறை ஊறவைத்த பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற்றக்கூடாது என்பதால் பழசில் நிறையவற்றை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். அம்மாவின் ஊறுகாய் ஜாடிக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தால் நம் வீடு எப்போதோ திவாலாகியிருக்கும். அத்தான் பெருமையாக அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் விஸ்கியைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? நம் நாட்டு மலிவு விஸ்கியில் பெரும்பகுதி கரும்பாலை வெல்லப்பாகிலிருந்து வடித்ததுதான். அவருக்குத் தனியாகச் சர்க்கரை போட வேண்டியதில்லை.

வாங்குவது ஒரு கூத்து. மளிகைக் கடைக்குள் பால் இருக்கும், தயிர் இருக்கும், பீரும் இருக்கும். விஸ்கி கூடாது. விஸ்கி வேண்டுமென்றால் வெளியே வந்து, அதே கட்டடத்தில் அதே முதலாளியின் இன்னொரு வாசல் வழியாகப் போக வேண்டும். மாநிலச் சட்டம் அப்படி. ஆனால் பிட்டர்ஸ் பாட்டில் மளிகைப் பக்கமே சாதுவாக நிற்கிறது, அதில் 44.7 சதவீதம் ஆல்கஹால்! யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இரண்டாவது வாசலில் மட்டும் 21 வயது ஆகிவிட்டதா என்று அடையாள அட்டை கேட்கிறார்கள். என் தலையைப் பார்த்த பிறகும் கேட்கிறார்கள். கோபம் வரவில்லை, வேறு யார் கேட்கப் போகிறார்கள்.

அந்த பிட்டர்ஸ் விஷயத்தில் அம்மா சொன்னது பாதி சரி. 1824-இல் வெனிசுலாவில் பொலிவாரின் படையில் இருந்த சீகெர்ட் என்ற ஜெர்மன் டாக்டர், வயிற்றுக் கோளாறுக்கென்று வேர்களைப் போட்டுச் செய்த மருந்து அது. அங்கோஸ்டுரா என்ற ஊரில் செய்ததால் அந்தப் பெயர். இப்போது டிரினிடாடில் செய்கிறார்கள். பாட்டிலைவிட லேபிள் பெரிது, பெரியண்ணன் சட்டையைத் தம்பி போட்ட கதி.

செய்முறையை அத்தான் குறித்துக்கொள்ளட்டும். கனத்த கண்ணாடி டம்ளரில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் பிட்டர்ஸ் இரண்டு மூன்று உதறல், ஒரு ஸ்பூன் தண்ணீர். சர்க்கரையை நசுக்கிக் கரைத்து, 60 மில்லி விஸ்கி, ஒரு ஐஸ் போட்டு நிதானமாகக் கலக்க வேண்டும். கடைசியில் ஆரஞ்சுத் தோலை டம்ளருக்கு மேலே பிடித்துத் திருகினால் அதன் எண்ணெய் தெறித்து மணக்கும். நீ கேட்டதற்குப் பதில் இதுதான். தோலைத் தின்பதில்லை. பழத்தை உன் தம்பி பெண்டாட்டி தின்கிறாள்.

"ஒரு ஐஸ்" என்று சுலபமாக எழுதிவிட்டேன். என் குடும்ப நிம்மதி போனது அங்கேதான்.

டம்ளருக்கு ஒரே கட்டி, இரண்டு அங்குலச் சதுரம். சின்னக் கட்டிகள் சீக்கிரம் கரைந்து விஸ்கியை நீர்த்துப்போகச் செய்யும், பெரியது நின்று நிதானமாகக் கரையும். இதுவரை நியாயம். ஆனால் கட்டி பெரிதாக இருந்தால் போதாதாம், அதன் வழியே அந்தப் பக்கம் தெரிய வேண்டுமாம். நம் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் நடுவில் வெள்ளையாகத்தான் இருக்கும், அதில் யாராவது குற்றம் கண்டதுண்டா? இங்கே வெள்ளை ஐஸ் போட்டுக் கொடுத்தால் வந்தவர் ஒன்றும் சொல்ல மாட்டார், டம்ளரை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு பெட்டி வாங்கினேன்.

பெட்டிக்கு நாலு பக்கமும் அடியிலும் தடித்த சுவர், மேலே மட்டும் திறப்பு. குளிர் மேலிருந்துதான் இறங்க முடியும், ஆகவே தண்ணீரும் மேலிருந்து கீழாக உறையும். அதில் கரைந்திருக்கிற காற்று கீழே தள்ளப்பட்டுக்கொண்டே போய் அடியில் மாட்டிக்கொள்ளும். சாதாரணத் தட்டில் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் உறைவதால் காற்று நடுவில் சிக்கி வெள்ளையாகிறது. பரீட்சைக்கு வந்தால் உன் மகன் இதை எழுதட்டும், மாமா எதற்காகத் தெரிந்துகொண்டார் என்பதை எழுத வேண்டாம்.

உறைய ஒரு நாள் ஆகும். அதுவரை பெட்டியை ஆட்டக் கூடாது, ஃபிரீசரை அடிக்கடி திறக்கக் கூடாது. இடம் போதாமல் துருவிய தேங்காய், முருங்கைக்காய், பரோட்டா பாக்கெட்டுகள் எல்லாம் அகதிகளாக வெளியேறின. ஒரு வாரம் குழம்பில் காயே இல்லை. உன் தம்பி பெண்டாட்டியைக் கேட்டால், "ஐஸைக் கடிச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க" என்கிறாள். கட்டியை வெளியே எடுத்த பிறகும் உடனே விஸ்கி ஊற்றக் கூடாது, விரிசல் விடும். கொஞ்ச நேரம் மேஜைமேல் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன், அக்கா. பக்கத்து வீட்டுக் கிழவர் ஐஸை மின்கட்டண பில்லின்மேல் வைத்து, அதன் வழியாகத் தொகையைப் படித்துப் பார்த்துத்தான் தேர்வு செய்வார். போன வாரம் அவர் பாஸ் போட்ட கட்டிகளில் ஒன்று, நான் ஆபீஸ் விட்டு வருவதற்குள், உன் தம்பி பெண்டாட்டியின் நன்னாரி சர்பத்தில் மிதந்துகொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்ததாம்.

அத்தானுக்கு ஒரு நல்ல செய்தி. எதிர் வீட்டுக்காரர் விஸ்கான்சின் மாநிலத்தவர். அவர்கள் ஊரில் ஓல்ட் ஃபேஷன்ட் என்றாலே பிராந்தி. மேலே சோடா ஊற்றுவார்கள், சிலர் ஊறுகாய் போட்ட காளானைக் குத்திவைப்பார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் இதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிராந்தி, சோடா, ஊறுகாய்! அத்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே விஸ்கான்சின்காரர், நமக்குத்தான் தெரியவில்லை.

இத்தனை பாடும் யாருக்காக என்று நீ கேட்பாய். இங்கே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வர இரண்டு வாரம் முன்னால் நாள் குறிக்க வேண்டும். ஏழு முதல் ஒன்பது என்றால், ஒன்பதடிக்கக் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் இருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னால் பயப்படுகிறார்கள். சித்தப்பா நம் வீட்டுக்கு ஒரு வாய் காபிக்கென்று வந்து மறுநாள் காலைப் பேப்பரையும் படித்துவிட்டுத்தானே போவார். வெள்ளிக்கிழமை மாலையானால் அப்படி ஒருத்தர் கதவைத் தட்ட மாட்டாரா என்றிருக்கிறது. சொல்லாமல் வருகிறவர் அந்தக் கிழவர் ஒருவர்தான், அவரும் ஐஸைப் பார்க்கத்தான் வருகிறார்.

பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். மேனேஜர், "பார்ப்போம்" என்கிறார். கிடைத்தால் வருவேன். சுங்கத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் வரி இல்லாமல் விடுவார்கள், உன் தம்பி பெண்டாட்டி தன் பங்கைத் தர முடியாதென்று சொல்லிவிட்டாள். ஆகவே அத்தானுக்கு ஒரு பாட்டில், சித்தப்பாவுக்கு ஒரு பாட்டில். அத்தான் தன் நண்பர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புத் தம்பி