கோழிப்பண்ணை எதுக்குக் கண்ணு?

கோழிப்பண்ணை வெக்க பேங்குல கடன் கேட்டிருக்கயாமே? விட்டுத் தொலை கண்ணு. நம்ம நாமக்கல்லுல முட்டையும் வெளையும், மார்க்கும் வெளையும். மார்க்குல என்ன தோதுன்னா, தீவனச் செலவையும் பெத்தவனே கட்டிருவான். பள்ளிக்கூடம் வையி.

தொழில் தெரிஞ்சு வெக்கோணும். ஒரு காலத்துல பதினொண்ணாப்புப் பாடத்தையே தொடாம, ரண்டு வருசமும் பன்னெண்டாப்புப் பொஸ்தகத்தையே உருப்போட வெச்சு, பஸ் ஸ்டாண்டு பூரா பேனர் கட்டுனாங்க. சர்க்காரு முழிச்சுக்கிட்டு 2017-18ல பதினொண்ணுக்கும் பொதுப்பரீட்சை வெச்சுது. அதே 2017ல நீட்டும் வந்து உக்காந்துச்சு. நம்மாளுக அசருவாங்களா? அதே ஆஸ்டலு, அதே பெஞ்சு, போர்டுல மட்டும் ‘நீட் கோச்சிங்’. அப்பறம் 2025ல அந்தப் பதினொண்ணாப்புப் பரீட்சையையும் எடுத்துட்டாங்க. உனக்கு நல்ல நேரந்தான் போ.

சமச்சீர்க் கல்வின்னா மட்டும் மூஞ்சியச் சுளிக்கப் பழகிக்க. 2011ல ஆட்சி மாறுனதும் அச்சடிச்ச பொஸ்தகம் கட்டுக்கட்டா முடங்கிக் கெடந்துச்சு. பழைய சர்க்காருக்கும் புது சர்க்காருக்கும் வீம்பு. மெட்ரிக்காரங்களுக்குத் தங்க ஒசத்தி போயிருமோன்னு வெசனம். ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டு ஒரு அதட்டுப் போட்டப்பறந்தான் பொஸ்தகம் கைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் சந்தோசமா இருந்தது புள்ளைக மட்டுந்தான். அப்பறம் என்ன, கையில காசிருந்த மெட்ரிக்காரங்க சிபிஎஸ்இக்குத் தாவிட்டாங்க.

ஏழைப் புள்ளைகளுக்கு 25 சதம் எடம் குடுக்கோணும்னு 2009ல சட்டம். பீசை சர்க்காரு தரும். எந்தச் சர்க்காருன்னு மட்டும் கேக்கப்படாது. 1976லயே கல்வியப் பொதுப்பட்டியல்ல சேத்தாச்சல்லோ? ‘பிஎம் ஸ்ரீ’ பள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுன்னு டெல்லி, மாட்டேன்னு சென்னை; பணம் நின்னு போச்சு. 2025ல பள்ளிக்கூடம் தொறந்து மாசக்கணக்காகியும் அந்தச் சேர்க்கை தொடங்கல. நீ எதுக்கும் ஆபீசுல ரண்டு பக்கத்துப் படத்தையும் மாட்டி வெச்சுக்க. யாரு வர்றாங்களோ, அவங்க படத்துக்கு மாலை.

உன்ற பையன எங்க சேக்கறதுன்னா கேக்கற? அரசுப் பள்ளிக்கூடத்துலதான், வேறெங்க? ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அங்கயே படிச்சாத்தான் டாக்டர் சீட்டுல 7.5 சத உள்ஒதுக்கீடு. காலேஜ் பீசும் சர்க்காரே கட்டிரும். சாயங்காலமா உன்ற கோச்சிங்கிலயே கடைசி பெஞ்சுல உக்கார வெச்சுக்கலாம். ஊருக்குள்ள யாராச்சும் கேட்டா, தாய்மொழிக் கல்வி மேல எனக்கு அப்படியொரு பிடிப்புன்னு சொல்லிரு.