சொட்டியல்: வில்லிஸ் ஜீப்பின் அடியில் விழும் எண்ணெய் குறித்து

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ்-ஓவர்லேண்ட், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஏறத்தாழ 6,40,000 எண்ணிக்கையில் செய்து தள்ளிய ஜீப்புகளுள் எஞ்சியவை, இன்று சேகரிப்பாளர்களின் கொட்டகைகளில் நின்றபடியே தரையில் இடும் எண்ணெய்த் துளிகளை ஆராயும் துறை சொட்டியல் எனப்படும். இத்துறைக்குப் பல்கலைக்கழகங்களில் இன்னும் இருக்கை அமையவில்லை என்றாலும், வண்டிக்கு அடியில் விரிக்கப்படும் பழைய அட்டைப்பெட்டித் துண்டுகளை அதன் மூலச் சுவடிகளாகக் கொள்ளலாம்.

சுவடியில் முதலில் கண்ணில் படுவது கறுத்து நீர்த்த எஞ்சின் எண்ணெய்த் துளியாகும். எஞ்சினின் பின்கோடியில் கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, வெளிவரும் இடத்தை அடைக்க அக்காலத்தில் வைத்தது கயிறு போன்றதொரு பொதிவுதான். அது எண்ணெயில் ஊறியிருந்தால்தான் தண்டோடு உரசித் தீய்ந்துபோகாமல் இருக்கும் என்பதால், கசிவைத் தடுக்க வந்ததே கசிவை நம்பிப் பிழைக்கிறது. இக்கயிற்றை எடுத்துவிட்டு ரப்பர் சீல் பொருத்துவோரை மரபுவாதிகள் தங்கள் வரிசையில் சேர்ப்பதில்லை. ஃபோர்டு செய்த வண்டியின் போல்ட் தலைகளில் ‘எஃப்’ என்ற பொறிப்பு உள்ளதா எனத் தரையில் மல்லாந்து படுத்துத் தேடும் அதே மரபுவாதிகளின் சட்டை முதுகில்தான் மேற்படி துளிகள் பெரும்பாலும் பதிவாகியுள்ளன என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும்.

கெட்டியாகவும் மூக்கைத் துளைக்கும் நெடியோடும் விழும் துளி கியர் எண்ணெயாகும். அது கியர் பாக்ஸிலிருந்து வந்ததா, அல்லது அதன் பின்னால் ஒட்டி நின்று முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றில் ஊற்றிய எண்ணெய் தண்டு வழியே மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்துவிடுவதால் வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை. முன்சக்கர முட்டியில் கம்பளி வளையத்தைத் தாண்டி வழியும் மசகு தரைக்கு வராமல் டயரின் உட்புறத்திலேயே தங்கிவிடுவதால் அது சொட்டியலின் எல்லைக்குள் அடங்காது.

களப்பணிக்கு ஏற்ற இடம் நார்மண்டி. நேச நாட்டுப் படைகள் 1944 ஜூன் 6 அன்று கரையிறங்கியதை நினைவுகூர ஆண்டுதோறும் ஜூன் முதல் வாரத்தில் செந்த்-மேர்-எக்லீஸ் போன்ற ஊர்களில் இவ்வண்டிகள் திரளாகக் கூடுகின்றன. வண்டிகள் புறப்பட்டுப் போன பின்னர் சாலையைக் குனிந்து நோக்கினால், எது எங்கே நின்றது என்பதை ஆய்வாளர் எவரிடமும் கேட்காமலே அறிய இயலும்.

துளி பெருத்தால் வருந்துவதும் சிறுத்தால் மகிழ்வதும் புதிய உரிமையாளரின் இயல்பு. துளி அடியோடு நின்றுவிட்டால், பழைய உரிமையாளர் முதலில் செய்வது டிப்ஸ்டிக்கை உருவி உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.