மறதிக்கு முதல் மரியாதை

சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்குக் கிளம்பும் மாலை. கண்டாங்கிப் பட்டு, கொண்டை, கையில் வளரியும் நேரிக்கம்புமாகக் கள்ளர் வேடம். பல்லக்கு நேராகத் தெருவுக்கு வந்துவிடாது. கோட்டை வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி முன்னால் நிற்கும். கருப்பனுக்கு இங்கே சிலை கிடையாது. சந்தனம் அப்பிய கதவுதான் சாமி. அந்தக் கதவின் முன், அழகர் மேனியில் இருக்கும் நகைகளின் பட்டியலை வாசிப்பார்கள். வைகையில் இறங்கி, வண்டியூர் போய், மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுத்துத் திரும்பியதும் மறுபடி அதே கதவு, அதே பட்டியல். ஒரு குன்றிமணி குறைந்தாலும் கருப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் நசுங்கியபடி இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஜனங்கள்மேல் பெருமை பொங்கும். கணக்கு என்று வந்துவிட்டால் பெருமாளே ஆனாலும் நாம் விடுவதில்லை. எதைப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர்களுக்கு, எதை ஏற்ற வேண்டியதில்லை என்பதும் தெரியும் அல்லவா? அந்த இரண்டாவது திறமைக்கு இதுவரை யாரும் பரிவட்டம் கட்டவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்துக் கடலோடு போன இந்திய மாலுமிகளை நாம் மறந்திருக்கும் நேர்த்தியை முன்னிட்டு, அந்தக் குறையை இன்று தீர்க்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் பக்கம் கோயில் மரியாதையில் வரிசை தவறினால் வெட்டுக்குத்துவரை போகும். ஆகவே யாருக்கு எத்தனையாவது மரியாதை என்பதை யோசித்தே வைத்திருக்கிறேன்.

நான்காம் மரியாதை அந்தக் காலத்துக் கப்பல் கம்பெனிகளுக்கு.

மேலூர்ப் பக்கம் 'லஸ்கர்' என்றால் பெரியாற்றுக் கால்வாயில் ஷட்டர் தூக்கிவிடும் நீர்வளத்துறை ஊழியர். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் முதல் வசவு அவருக்குத்தான். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த நம்மவர்களுக்கும் அதே பெயர். பாரசீகத்தில் 'லஷ்கர்' என்றால் படை. படை என்று பெயர் வைத்துவிட்டுப் படையில் சேர்க்காமல் விட்டார்களே, அதில் இருக்கிறது நிர்வாகத் திறமை. படையாள் என்றால் பதக்கம், பென்ஷன், கல்வெட்டு என்று செலவு நீண்டுகொண்டே போகும். கூலியாள் என்றால் கூலியோடு கணக்கு முடிந்தது. அந்தக் கூலியையும் வெள்ளை மாலுமிக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்குக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

1914இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இப்படி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அடுத்த போர் மூளும் நேரத்தில் ஏறக்குறைய நான்கு மாலுமிகளில் ஒருவர் இந்தியர். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங், ரத்னகிரி, கோவா என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். மேஸ்திரிக்குச் செராங் என்று பெயர், அவருக்குக் கீழே தண்டல், சமையலுக்குப் பண்டாரி. தூத்துக்குடித் தோணியில் தண்டலும் கீழக்கரைக் கல்யாண வீட்டில் பண்டாரியும் இன்னமும் உண்டு. சொற்கள் கரை சேர்ந்துவிட்டன.

தங்குமிட விஷயத்திலும் கம்பெனிகள் தாராளம்தான். ஒரு லஸ்கருக்குச் சட்டப்படி 36 கன அடி. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம் என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். இந்த அளவில் தச்சர் எதைச் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியே படுத்துப் பழக வைத்த தொலைநோக்கை என்னவென்று சொல்வது!

நீராவிக் கப்பலின் அடிவயிற்றில் நெருப்பறை இருக்கும். தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. இடுப்பில் ஒரு துணி, கழுத்தில் வியர்வை துடைக்க ஒரு துணி. ஒருவர் கரிக்கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கரியைக் கொண்டுவந்து கொட்டுவார், இன்னொருவர் உலைக்கதவைத் திறந்து மண்வெட்டியால் வீசுவார். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அனல் முகத்தில் அறையும். கப்பல் உருளும்போது கால் நழுவினால் கை உலையில். நான்கு மணி நேரம் இப்படி, பிறகு மேலே ஏணி, கொஞ்சம் காற்று, மறுபடி கீழே. நீர்மூழ்கியிலிருந்து வரும் டார்ப்பிடோ தேடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். மேல்தளத்துக்குப் போக இரும்பு ஏணி ஒன்றோ இரண்டோ. தண்ணீர் உள்ளே வந்து கொதிகலனைத் தொட்டால் மிச்சத்தை நீராவி பார்த்துக்கொள்ளும். சம்பளம், சாப்பாடு, படுக்கை எல்லாவற்றிலும் நிறம் பார்த்த கப்பலில், வெள்ளைக்காரருக்கும் இவர்களுக்கும் ஒரே மாதிரி பங்கு வைத்தது டார்ப்பிடோ மட்டும்தான்.

மூன்றாம் மரியாதை லண்டன் சர்க்காருக்கு.

முதல் போரில் 3,427 லஸ்கர்கள் இறந்தார்கள், 1,200 பேர் சிறைப்பட்டார்கள் என்று கணக்கு இருக்கிறது. இவ்வளவு விசுவாசத்துக்குக் கைம்மாறு செய்யாமல் இருக்க முடியுமா? 1925இல் ஓர் ஆணை போட்டார்கள். பிரிட்டிஷ் துறைமுகங்களில் இருக்கும் நிறத்தவர் மாலுமிகள், தாங்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதற்குக் காகிதம் காட்ட முடியாவிட்டால், அந்நியர் என்று போலீஸில் பதிந்துகொள்ள வேண்டும். சாகும்போது மன்னரின் பிரஜை, சாகாமல் மிஞ்சினால் அந்நியர். 1939இல் அடுத்த போர் வந்ததும், இதே ஆட்கள் ஆபத்துக்கேற்ற கூலி கேட்டுத் துறைமுகம் துறைமுகமாக வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் வைத்தார்கள். ஒரு விதத்தில் அதுவும் கருணை. சிறைச்சாலையை டார்ப்பிடோ தொடாது.

நினைவுச்சின்னம் எழுப்பவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. லண்டன் டவர் ஹில்லில் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிக மாலுமிகளுக்கு 1928இல் ஒரு மண்டபமும், இரண்டாம் போருக்காக 1955இல் ஒரு தோட்டமும் அமைத்தார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொரு கப்பலின் பெயருக்கும் கீழே அதன் ஆட்கள். இந்திய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்களை அந்தச் சுவரில் சேர்த்து நெரிசல் உண்டாக்கவில்லை. ஒரே கப்பலில் ஒரே இரவில் முங்கியவர்கள் சிலர் லண்டனிலும் சிலர் பம்பாயிலுமாக நினைக்கப்படுகிறார்கள். பிரிட்டனே தன் வணிக மாலுமிகளுக்கென்று செப்டம்பர் 3ஐ ஒதுக்கியது 2000ஆம் ஆண்டில்தான். சொந்தப் பிள்ளைக்கே ஐம்பத்தைந்து வருஷம் யோசித்தவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அவசரப்படுவார்களா?

கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் 1924இல் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். அன்றைய வங்காளம், அசாமைச் சேர்ந்த 896 லஸ்கர்களுக்காக. எண் தெளிவாக இருக்கிறது. பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, தொண்ணூறுகளில் ஒரு கடற்படை அதிகாரியின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டு இப்போது நெய் பூசிய வேல்போலப் பளபளக்கிறது. மும்பை மஸ்ஜித் பந்தரில் இருக்கும் மாலுமிகள் இல்லத்தில் முதல் போரில் மறைந்த இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்டோரின் நினைவு. இரண்டாம் போரில் மறைந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லே வேண்டியிருக்கவில்லை. பெயர்களையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி, மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்திருக்கிறார்கள். கல் என்றால் வழியில் போகிறவர் கண்ணில் பட்டுத் தொலைக்கும். புத்தகம் என்றால் திறப்பவருக்கு மட்டும்தான் தொந்தரவு.

இரண்டாம் மரியாதை டெல்லிக்கு.

ஏப்ரல் 5ஐ 1964 முதல் தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். 1919இல் அந்த நாளில்தான் சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்கு முதல் பயணம் புறப்பட்டது. கப்பலை நினைக்கிறோம். ஆளை நினைத்தால் பெயர் கேட்பார்கள், கப்பலுக்கு ஒரே பெயர்தான். 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் விடுதலைக்குப் பிறகு மடிந்த வீரர்களின் பெயர்கள் இருபத்தையாயிரத்துக்கு மேல் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முறைதான். வெள்ளைக்காரன் கப்பலில் செத்தவன் வெள்ளைக்காரன் கணக்கு, வெள்ளைக்காரனைக் கேட்டால் இந்தியாக்காரன் கணக்கு. பங்காளிகளுக்குள் இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல் வெடித்தபோது தீயணைக்கப் போன 66 வீரர்கள் இறந்தார்கள். அந்த நாளை நாடு முழுவதும் தீயணைப்புத் துறை வருஷாவருஷம் நினைக்கிறது. செத்தாலும் ஒரு டிபார்ட்மெண்டில் இருந்து சாக வேண்டும் என்ற பாடத்தை மாலுமிகள் அப்போதே படித்திருக்க வேண்டும்.

முதல் மரியாதை யாருக்கு? கூச்சப்படாமல் சொல்கிறேன். நமக்குத்தான்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமேல் குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகள் எரிந்தன, துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் அடி வாங்கியது. உயர்நீதிமன்றச் சுவர் ஓரம் எம்டனுக்கு ஒரு கல் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிலையை நம் நாக்கில் எழுப்பினோம். "அவன் சரியான எம்டன்டா" என்று மதுரை டீக்கடையில் இன்றும் சொல்லலாம், கெட்டிக்காரன் என்று புரிந்துகொள்வார்கள். அதே எம்டன் வங்கக் கடலில் வரிசையாக மூழ்கடித்த வணிகக் கப்பல்கள் 'இண்டஸ்', 'லோவட்', 'டிப்ளமாட்'. இவற்றில் ஏதாவது ஒரு பெயரை யார் வாயிலாவது கேட்டதுண்டா? அடித்தவன் பெயரை அகராதிச் சொல்லாக்கி, அடிபட்டவன் பெயரைக் காற்றில் விட்ட பெருந்தன்மை வேறு எந்த மொழிக்கு வாய்க்கும்?

'ரோனா' கப்பலைக் கேளுங்கள். 1926இல் கட்டியது. அதன் ஜோடியான ரஜுலாவோடு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. செட்டிநாட்டு வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன்களையும் தோட்டக் கூலிகளையும் சுமந்த தடம். போர் வந்ததும் துருப்புக் கப்பலாக்கி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால், வானொலி அலையால் திருப்பிவிடப்படும் புதுவகை ஜெர்மன் குண்டு அதன்மேல் விழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களும், பெரும்பாலும் இந்தியர்களான கப்பல் ஊழியர் நூற்றுக்கும் மேற்பட்டோரும் போனார்கள். அமெரிக்கா பல காலம் ரகசியமாக வைத்திருந்து, பிறகு 1996இல் அலபாமாவில் நினைவுக்கல் நட்டது. ரோனா புறப்பட்டுப் போன நாகப்பட்டினத்துக் கரையில் நாம் அப்படி எதையும் நட்டு மணலைக் குழப்பவில்லை.

வ.உ.சி.க்கு ஊர் ஊராகச் சிலை இருப்பது நியாயம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் 'கப்பலோட்டிய தமிழன்' என்ற சொல்லில் இருக்கும் ஒருமையை நாம் எவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கிறோம் பாருங்கள்.

மதுரைக்குக் கடல் இல்லையே, எங்களுக்கென்ன என்று எங்கள் ஊர்க்காரர்கள் நழுவலாம். அதுவும் செல்லாது. பினாங்கையும் மேடானையும் போரையும் கடலில் தத்தளிக்கும் தோணியையும் தமிழுக்குக் கொண்டுவந்த ப. சிங்காரம் இங்கே, மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில்தான் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். அவருடைய நாவல் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. அவர் உயிரோடிருந்தவரை அந்த அறைக் கதவைப் பெரிதாக யாரும் தட்டித் தொந்தரவு செய்யவில்லை. கடலில் போனவர்களை மறப்பது மட்டுமல்ல, கடலை எழுதியவரையும் மறந்து பழகிய கை நம்முடையது. முதல் மரியாதைக்கு வேறு தகுதி வேண்டுமா?

அழகர் மலைக்குத் திரும்பும் நாளில் பூசணிக்காயில் சூடம் ஏற்றித் திருஷ்டி கழிப்பார்கள். பல்லக்குச் சுமந்த சீர்பாதந்தாங்கிகளின் தோள் காய்த்துச் சிவந்திருக்கும், அவர்களுக்கும் உரிய மரியாதை உண்டு. கருப்பன் கதவின் முன் மறுபடி பட்டியல் வாசிப்பார்கள். போனதெல்லாம் வந்துவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கூட்டம் நிற்கும். எல்லாம் சரியாக இருக்கும்.

அந்த மும்பைப் புத்தகக் கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. புறப்படும்போது யாரும் வாசிக்கவில்லை, திரும்பும்போதும் யாரும் வாசிக்கவில்லை, ஆகையால் ஒருவர்கூடக் குறையவில்லை. இந்தா பரிவட்டம். தலையைக் கொஞ்சம் குனியுங்கள், கட்டிவிடுகிறேன்.