எட்டு போடத் தெரியாதவனின் விண்ணப்பம்

அனுப்புநர்:
பைக் ஓட்டத் தெரியாத எலக்ட்ரீஷியன்,
ஆவடி.

பெறுநர்:
பணியாளர் தேர்வு மேலாளர் அவர்கள்,
(பெயர் வேண்டாம்) கம்பெனி,
அம்பத்தூர் தொழிற்பேட்டை.

பொருள்: பைக் ஓட்டத் தெரியாத குற்றத்துக்கு மன்னிப்பும், எலக்ட்ரீஷியன் வேலையும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 'எலக்ட்ரீஷியன் தேவை. சொந்த பைக், டிரைவிங் லைசென்ஸ் கட்டாயம்' என்று தங்கள் கேட்டில் தொங்கும் அட்டை.

ஐயா,

போன திங்கட்கிழமை இன்டர்வியூவுக்கு வந்து, உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் எழுந்து போனவன் நான்தான். "பைக் இருக்கா?" என்றீர்கள். "லைசென்ஸ்?" என்றீர்கள். மூன்றாவது கேள்வி வரவில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்ததும், வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வாங்கியதும் தோள்பைக்குள்ளேயே இருந்துவிட்டன. சான்றிதழை எடுக்க உள்ளே விட்ட கை, "சொல்லி அனுப்புறோம்" என்றதும் டிபன் பாக்ஸை மட்டும் தடவிவிட்டு வெளியே வந்தது.

லைசென்ஸ் தராத மோட்டார் வாகன ஆய்வாளர் மேல் எனக்குக் கோபமில்லை. எட்டு போடச் சொன்னார். நான் போட்டது மூன்றிலேயே முடிந்து, கால் தரையில் ஊன்றிவிட்டது. சாலையில் போகிற நாலு பேரின் நன்மைக்காக ஃபெயில் போட்டார். நியாயம்தான். வயர்மேன் தேர்வில் என்னை யாரும் எட்டு போடச் சொல்லவில்லை. எர்த் எதற்கு, நியூட்ரல் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

மின்வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் எடுத்து, தகுதிச் சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்கிறது மின் பாதுகாப்பு விதி. அந்தக் காகிதத்துக்குத் தங்கள் அட்டையில் இடமில்லை. நாளைக்கு 440 வோல்ட் பேனலில் கை வைக்கும்போது டிரைவிங் லைசென்ஸை நீட்டினால் கரண்ட் வழிவிடும் என்று யாரேனும் தங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பைக் எதற்கு என்றும் யோசித்துப் பார்த்தேன். காலையில் கொரட்டூர், மதியம் திருவேற்காடு, சாயங்காலம் பூந்தமல்லி என்று சைட் மாற வேண்டும். பூந்தமல்லிக்குப் புறநகர் மின்சார ரயில் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தடி பி.வி.சி. பைப்பும் ஆறடி ஏணியும் பைக்கில் எப்படிப் போகும்? ஒருவர் ஓட்ட, பின்னால் ஒருவர் ஏணிக்குள் கழுத்தை நுழைத்துக்கொண்டு சி.டி.எச். ரோட்டில் போவதைத் தினமும் பார்க்கிறேன். சரக்கு ஆட்டோ வாடகை தங்களுக்கு மிச்சம். பெட்ரோலும் பஞ்சரும் ஓட்டுகிறவர் கணக்கு. ஆக, தாங்கள் வேலைக்கு எடுப்பது ஒரு வண்டியை. எலக்ட்ரீஷியன் அதனோடு வரும் இலவச இணைப்பு.

ஆவடியில் 1965 முதல் டாங்கி செய்கிறார்கள். அதற்கு வயரிங் போடுகிறவரிடம் 'டாங்கி ஓட்டத் தெரியுமா, சொந்த டாங்கி இருக்கிறதா?' என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பூந்தமல்லிப் பணிமனையில் 2024 அக்டோபரில் சோதனை ஓட்டம் விட்ட மெட்ரோ ரயில், ஓட்டுநரே இல்லாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஓட்டுநர் இல்லாத ரயிலுக்கே வேலை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

1. அட்டையில் முதல் வரியாக 'வயர்மேன் சான்றிதழ் கட்டாயம்' என்று எழுதவும்.

2. பைக் கட்டாயம்தான் என்றால், பெட்ரோல் காசு எவ்வளவு என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதவும்.

3. தங்கள் தொழிற்சாலைக்குள்ளேயே நாள் முழுக்க மோட்டாரும் பேனலும் பார்க்கும் வேலை ஒன்று இருக்குமே, அதற்காவது என்னைக் கூப்பிடவும். மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவே நடந்தே போய்விடுவேன்.

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிறவன் நான். ஷிஃப்ட் எட்டு மணிக்கு என்றால் ஏழே முக்காலுக்குக் கேட்டில் நிற்பேன். அந்த எட்டு எனக்கு நன்றாக வரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
எலக்ட்ரீஷியன்

இணைப்பு: வயர்மேன் சான்றிதழ் நகல் – 1, ரயில் சீசன் டிக்கெட் நகல் – 1.