மடியில் மடக்குக் கத்தி

கேள்வி: சின்ன மடக்குக் கத்திகளைச் சேர்த்து வருகிறேன். ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: போகலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது அலகு 9 அங்குலத்தைத் தாண்டிய, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளைத்தான். அதிலும் வீட்டு, விவசாயக் கத்திகளுக்கு விலக்குண்டு. உங்கள் விரல் நீளக் கத்திக்கு ஆயக்குடி கொய்யா மட்டுமே எதிரி! மதுரை விமான நிலையத்தில் மட்டும் அதைக் கைப்பையில் வைக்காதீர்கள், பறிபோகும்.

கொய்யாவை வகிர்ந்ததும் அலகைத் துடைத்துவிடுங்கள். சாறு காய்ந்தால் இரும்பு கறுக்கும். மடங்கும் ஆணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் முரண்டு பிடிக்காது. உங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கத்திகளோடு அதிலும் ஒன்றை வாங்கிச் சேருங்கள். அந்தக் கைத்தொழில் பிழைக்க வேண்டும்.